கசங்குமா, விரிந்தே நிற்குமா: நெகிழ்வான இருபரிமாணப் பாலிமரைக் கணினியில் ஆராயும் முறை

மணிகளை நூலில் கோத்தது போன்ற பாலிமர் சங்கிலி ஒன்று நல்ல கரைப்பானில் எப்படிக் கிடக்கும் என்பது பழைய கேள்வி. அதன் விடையும் நன்றாகத் தெரியும்: மணிகளின் எண்ணிக்கை இருமடங்கானால் சங்கிலிச் சுருளின் ஆரம் 2-இன் 0.588 அடுக்கால், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகும். அதே மணிகளை நூலாகக் கோக்காமல் மீன்வலையைப் போல இரு திசைகளிலும் பின்னிவிட்டால் என்ன ஆகும்? வெப்ப அசைவு அந்த வலையைக் கையில் கசக்கிய காகிதப் பந்தைப் போல ஆக்கிவிடுமா, அல்லது வலை நெளிந்தபடியே விரிந்து நிற்குமா? இருபரிமாணப் பாலிமர் இயற்பியலின் மையக் கேள்வி இதுதான். இதற்கு நீங்களே உங்கள் கணினியில் விடை தேடும் வழியை, தேவையான அளவு கோட்பாட்டுடனும் நான் அடிபட்டுக் கற்ற எச்சரிக்கைகளுடனும், இங்கே எழுதுகிறேன். மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷனை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக இருக்கும். புதியவர்களும் சற்றுப் பொறுமையாகப் படித்தால் தொடரலாம். மென்பொருளாக லாம்ப்ஸ் என்னும் இலவசத் தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். வேறொன்றைப் பயன்படுத்துபவர்களுக்கும் அடிப்படை இதுவே.

முதலில் கோட்பாடு

எந்தச் சிமுலேஷனையும் தொடங்கும் முன் மூன்று விடைகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் திரையில் வருவது இயற்பியலா, நிரலில் உள்ள பிழையா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

முதல் விடை, தன்னைத் தானே ஊடுருவக்கூடிய கற்பனைத் தாளுக்கு உரியது. மணிகளுக்கிடையே விலக்கு விசை எதுவும் இல்லை, பக்கத்து மணிகளை இணைக்கும் சுருள்வில்கள் மட்டுமே உள்ளன என்று கொண்டால், தாளின் ஆரத்தின் வர்க்கம் பக்க நீளத்தின் மடக்கையாக மட்டுமே வளரும். அதாவது தாளை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது ஏறக்குறைய அதே சிறு உருண்டையாகவே கிடக்கும்.

இரண்டாவது விடை, பாலிமர் அறிஞர் பால் ஃபுளோரியின் முறையில், எதிரெதிரான இரண்டு ஆற்றல்களைச் சமன் செய்து கிடைப்பது. தாள் விரியும்போது என்ட்ரோபி சார்ந்த மீள்விசை அதைச் சுருக்கப் பார்க்கிறது. மணிகளின் ஒன்றையொன்று விலக்கும் இயல்பு அதை விரிக்கப் பார்க்கிறது. சங்கிலியில் முதல் ஆற்றல் ஆரத்தின் வர்க்கத்தை மணிகளின் எண்ணிக்கையால் வகுத்தது. தாளிலோ அது வெறும் ஆரத்தின் வர்க்கம்தான், பக்க நீளம் அதில் நுழைவதே இல்லை. இரண்டாவது ஆற்றல், மணிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஆரத்தின் கனத்தால் வகுத்தது. தாளில் மணிகளின் எண்ணிக்கை பக்க நீளத்தின் வர்க்கம் என்பதால், மேலே பக்க நீளத்தின் 4-ஆம் அடுக்கு வந்து நிற்கிறது. இரண்டையும் சமன் செய்தால் ஆரத்தின் 5-ஆம் அடுக்கு பக்க நீளத்தின் 4-ஆம் அடுக்குக்கு விகிதமாகிறது. அடுக்கு எண் 4/5. யாகோவ் கான்டர், மெஹ்ரான் கர்தார், டேவிட் நெல்சன் ஆகிய மூவரும் 1986-இல் இந்தக் கணிப்பை வெளியிட்டபோது, அவர்களுடைய சிறிய தாள்களின் சிமுலேஷன் அதனுடன் ஒத்துப்போவதாகவே தோன்றியது.

மூன்றாவது விடைதான் இத்துறையின் அழகு. தாளை ஒரே திசையில் உருட்டலாம்; ஆனால் கிண்ணம் போலவோ குதிரைச் சேணம் போலவோ இரு திசைகளிலும் வளைக்க முயன்றால், அதன் பரப்பில் எங்காவது இழுபட்டே ஆக வேண்டும். எனவே வெப்பத்தால் தோன்றும் ஒவ்வொரு நெளிவும் தாளுக்குள் இழுவிசையை உண்டாக்கி, அடுத்த நெளிவுக்குத் தடையாக நிற்கிறது. கூரைத் தகரத்தை நெளிநெளியாக அடிப்பது அதை விறைப்பாக்குவதற்காகத்தானே. இங்கே அந்த வேலையை வெப்ப அசைவே செய்துவிடுகிறது. நெல்சனும் லூகா பெலிட்டியும் 1987-இல் காட்டிய இந்த விளைவால், தாளின் வளைவு விறைப்பு ஒரு மாறிலியாக இல்லாமல், பார்க்கும் நீளத்தின் ஏறத்தாழ 0.8 அடுக்காக வளர்கிறது. லெ டூசாலும் ராட்ஸிஹோவ்ஸ்கியும் 1992-இல் செய்த கணக்கில் அந்த அடுக்கு எண் 0.821. இதன் பொருள், பெரிய தாள் சிறிய தாளைவிட விறைப்பானது. போதிய அளவு பெரியதானால் அது கசங்காமல் தட்டையாகவே நிற்கும். அதன் தடிமன், அதாவது மேலும் கீழுமான நெளிவின் அளவு, பக்க நீளத்தின் ஏறத்தாழ 0.59 அடுக்காக வளரும். சங்கிலிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. போதிய நீளம் கொடுத்தால் எந்தச் சங்கிலியும் சுருண்டுவிடும்.

இது வெறும் தாள் கணக்கு அன்று. ஓர் அணுத் தடிமனே உள்ள கார்பன் தாளான கிராஃபீனின் அணு அளவிலான வளைவு விறைப்பு ஏறத்தாழ 1.2 எலக்ட்ரான் வோல்ட். இழுப்பதற்கு அது காட்டும் விறைப்பான யங் குணகம் மீட்டருக்கு ஏறத்தாழ 340 நியூட்டன். அறை வெப்பநிலையில் இந்த விறைப்பேற்றம் தொடங்கும் நீளத்தைக் கணக்கிட்டால் சுமார் 2 நானோமீட்டர்தான் வருகிறது. 10 மைக்ரோமீட்டர் அகலத் தாள் அதைவிட 5000 மடங்கு பெரியது, 5000-இன் 0.8 அடுக்கு ஏறத்தாழ 900. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிராஃபீனை வெட்டி வளைத்து அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், விறைப்பு அணு அளவு மதிப்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருந்தது. நிலையாக உறைந்த சுருக்கங்களும் அதில் பங்களித்திருக்கலாம் என்றாலும், கோட்பாடு சுட்டிய திசை அதுவே.

அப்படியானால் 4/5 எங்கே போயிற்று? 1980-களின் இறுதியில் பெரிய தாள்களைச் சிமுலேட் செய்தபோது, தன்னை ஊடுருவாத தாள் வளைவு விறைப்பு எதையும் தனியாகக் கொடுக்காமலேயே தட்டையாக நின்றது. ஃபரித் ஏப்ரகாமும் நெல்சனும் 1990-இல் அதற்குக் காரணம் சொன்னார்கள்: பக்கத்து மணிக்கு அடுத்த மணியும் விலக்கு விசையால் தள்ளுவதால், அடுத்தடுத்த முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று முழுவதும் மடிய முடிவதில்லை, அந்தத் தடையே வளைவு விறைப்பாக வேலை செய்கிறது. கீழே வரும் ஓர் எச்சரிக்கைக்கு இந்த ஒரு வாக்கியம்தான் சாவி.

வலையைப் பின்னுதல்

இடைப்புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு இந்த வலையை விளக்க வேண்டியதே இல்லை. 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி என்றால் நடு வரிசையில் 15 புள்ளிகள், அதன் மேலும் கீழும் 14, பிறகு 13 என்று இரண்டு ஓரங்களிலும் 8 வரை குறையும். ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே விழும். கிடைப்பது பக்கத்திற்கு 7 இடைவெளி கொண்ட ஒழுங்கான அறுகோணம். மொத்தம் 169 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மணி. மிக அருகில் உள்ள ஒவ்வொரு இணையும் ஒரு பிணைப்பு.

பக்க இடைவெளிகளின் எண்ணிக்கையை ப என்று வைத்தால், மணிகள் 3ப(ப+1)+1, பிணைப்புகள் 3ப(3ப+1), முக்கோணங்கள் 6ப². நான் பரிந்துரைக்கும் முதல் உண்மையான அளவு ப = 20, அதாவது நடு வரிசையில் 41 புள்ளி, ஓரத்தில் 21. அதில் 1261 மணிகள், 3660 பிணைப்புகள், 2400 முக்கோணங்கள் இருக்கும். இரண்டு முக்கோணங்கள் பகிர்ந்துகொள்ளும் உட்பிணைப்புகள் 3540. உங்கள் நிரல் எழுதிய கோப்பில் இந்த எண்கள் அப்படியே வருகின்றனவா என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மணிகளிலிருந்து பிணைப்புகளைக் கழித்து முக்கோணங்களைக் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் வலையில் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது ஒரு பிணைப்பு இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு சோதனையும் இங்கேயே செய்துவிடலாம். ப(ப+1)/2 என்பதை த என்று வைத்தால், மணி இடைவெளி 1 ஆக உள்ள தட்டையான அறுகோண வலையின் சுழற்சி ஆரத்தின் வர்க்கம், அதாவது நிறைமையத்திலிருந்து மணிகளின் தொலைவு வர்க்கங்களுடைய சராசரி, மிகத் துல்லியமாக (5த²+த)/(6த+1). ப = 20 என்றால் த = 210; விடை 175.03. அந்தப் பரவலைத் திசைவாரியாகப் பிரித்துச் சொல்லும் சுழற்சி டென்சரைக் கணக்கிடும் உங்கள் நிரல், ஓட்டம் தொடங்கும் முன் தட்டை வலைக்கு 87.5, 87.5, 0 என்ற மூன்று ஐகன் மதிப்புகளைத் தர வேண்டும்.

விசைகள், அவற்றில் மறைந்திருக்கும் ஒரு வரி

பிணைப்புகளுக்குச் சங்கிலிப் பாலிமரில் வழக்கமாக எடுக்கும், ஓர் எல்லைக்கு மேல் நீளாத சுருள்வில்லான ஃபீன் வகைப் பிணைப்பையே எடுக்கலாம்: விறைப்பு 30, அதிகபட்ச நீளம் 1.5. அளவுகள் எல்லாம் லெனார்டு-ஜோன்ஸ் அலகுகளில், அதாவது மணியின் விட்டத்தை 1 என்று கொண்டு. மணிகளுக்கிடையே விலக்கு விசை மட்டும் வேண்டும் என்பதால், லெனார்டு-ஜோன்ஸ் விசையை 2-இன் ஆறாம் மூலமான 1.122 தொலைவில் வெட்டிவிட வேண்டும். பிணைப்பின் சமநிலை நீளம் அப்போது ஏறத்தாழ 0.97 ஆக இருக்கும்.

வலையின் கண் வழியாக ஒரு மணி நுழைந்து மறுபக்கம் போய்விடாதா என்ற கேள்வி எழ வேண்டும். ஒரு முக்கோணத்தின் நடுப்புள்ளி அதன் மூன்று முனைகளிலிருந்தும் பக்கத்தை 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்த தொலைவில் இருக்கிறது. எனவே பிணைப்பின் அதிகபட்ச நீளம் மணியின் விட்டத்தைப் போல 1.73 மடங்குக்குக் குறைவாக இருக்கும்வரை எந்த மணியும் எந்தக் கண்ணிலும் நுழைய முடியாது. 1.5 அந்த வரம்புக்குள் இருக்கிறது. பிணைப்பைச் சாதாரண சுருள்வில்லாக மாற்றுபவர்கள், குறிப்பாக மென்மையான சுருள்வில் வைப்பவர்கள், இந்த நிபந்தனையைத் தாங்களே காக்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் ஓசையின்றி ஊடுருவும் தாளாக மாறிவிடும்.

இப்போது அந்த ஒரு வரி. லாம்ப்ஸில் ஸ்பெஷல் பாண்ட்ஸ் என்றொரு கட்டளை உண்டு. ஒரு மணிக்கும் அதன் நேரடிப் பிணைப்பு மணிக்கும், ஒரு மணி தள்ளியுள்ளதற்கும், இரண்டு மணி தள்ளியுள்ளதற்கும் இடையே விலக்கு விசையைக் கணக்கிட வேண்டுமா என்பதை அது தீர்மானிக்கிறது. எதுவும் எழுதாமல் விட்டால் மூன்றும் 0 என்று கொள்ளப்படும். மூன்று அடுக்கு அண்டை மணிகளுடனும் விலக்கு விசை இருக்காது. புரத மூலக்கூறுகளை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது; அங்கே அது பொருத்தமானது. நம் வலைக்கோ, கோட்பாட்டுப் பகுதியில் ஏப்ரகாமும் நெல்சனும் சுட்டிய அதே அடுத்த-அண்டை விலக்கத்தை அது நீக்கிவிடுகிறது. பக்கத்து முக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று தடையின்றி மடிந்து விழும்; தாள் சின்னஞ்சிறு மடிப்புகளால் நிறைந்து, ப = 20 அளவில் அசல் கசங்கிய நிலையைப் போலவே காட்சி தரும்.

நான் முதன்முதலில் இந்த வலையை ஓட்டியபோது இந்த வரியை எழுதவில்லை. பல நாட்கள் தாள் கசங்குகிறது என்றே நம்பி, அடுக்கு எண்ணைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரே ஒரு முக்கோண இணையை மட்டும் பெரிதாக்கித் திரையில் பார்த்தபோதுதான், எதிரெதிர் முனைகளில் இருந்த இரண்டு மணிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே மணியாகத் தெரிந்தன. ஃபீன் பிணைப்புக்கு உரிய சரியான அமைப்பு 0, 1, 1 என்பதாகும்: பிணைப்பிற்குள்ளேயே விலக்கு விசை சேர்ந்திருப்பதால் நேரடி அண்டைக்கு மட்டும் 0, மற்ற இரண்டுக்கும் 1. கட்டளையில் ஃபீன் என்ற சொல்லை மட்டும் எழுதினாலே இது அமைந்துவிடும். இதைச் சரிசெய்தபின் அதே தாள் விரிந்து நின்றது. ஓட்டத்தைத் தொடங்கியதும் எண்களைப் பார்க்கும் முன் ஒரு சிறு மூலையைப் பெரிதாக்கிக் கண்ணால் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

வளைவு விறைப்பைத் தனியாகவும் சேர்க்க விரும்பினால், ஒரு பிணைப்பைப் பகிரும் இரு முக்கோணங்களின் செங்குத்துத் திசைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை வைத்து ஆற்றல் தரலாம்: விறைப்பு மாறிலியை, 1-இலிருந்து அவ்விரு திசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் கோசைனைக் கழித்ததால் பெருக்குவது. லாம்ப்ஸின் ஹார்மோனிக் டைஹெட்ரல், அதாவது இரு முக்கோணங்களின் நான்கு மணிகளால் அமையும் இருமுகக் கோணத்துக்கான ஆற்றல், இதை நேரடியாகத் தருகிறது. தட்டை நிலையில் அதன் கோணம் 180 பாகை என்பதால், குறி +1, மடங்கு 1 என்று கொடுத்தால் ஆற்றல் தட்டை நிலையில் 0 ஆகும். இந்த வலை மாறிலியை 0.866-ஆல் பெருக்கினால் தொடர்பரப்புக் கோட்பாட்டின் வளைவு விறைப்பு கிடைக்கும். பல செயலிகளில் ஓட்டும்போது டைஹெட்ரல் மணிகள் காணவில்லை என்று மென்பொருள் நின்றுவிட்டால் பதற வேண்டாம். எதிர் முனை மணிகளுக்கு இடையிலான தொலைவு, விசை வெட்டப்படும் தொலைவைவிட அதிகம் என்பதே காரணம். செயலிகளுக்கிடையிலான தகவல் பரிமாற்றத் தொலைவை 3 ஆக உயர்த்தினால் போதும்.

ஏழு மணிகளில் ஒரு பரீட்சை

பெரிய தாளை ஓட்டும் முன், ப = 1 ஆன ஏழு மணி வலையை, சுற்றிலும் ஆறும் நடுவில் ஒன்றுமாக, விலக்கு விசை எதுவும் இல்லாமல், இயல்பு நீளம் 0 ஆன சுருள்வில்களுடன் ஓட்டுங்கள். இதன் விடையைத் தாளும் பேனாவும் கொண்டே கணக்கிடலாம். எந்த மணி எதனுடன் பிணைந்துள்ளது என்பதை எண்களாக எழுதும், வலையின் லாப்லாஸ் அணியின் ஐகன் மதிப்புகள் 0, 2, 2, 4, 4, 5, 7. பூச்சியத்தை விட்டுவிட்டு மற்றவற்றின் தலைகீழிகளைக் கூட்டினால் 1.8429, அதை 3-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 0.7898. வெப்ப ஆற்றலும் சுருள்வில் மாறிலியும் 1 ஆக இருக்கும்போது சுழற்சி ஆரத்தின் வர்க்கத்தினுடைய சராசரி இதுவே.

உங்கள் ஓட்டம் 0.395 என்று தந்தால் வெப்பநிலையைச் சந்தேகிக்காதீர்கள். லாம்ப்ஸ் ஹார்மோனிக் பிணைப்பின் ஆற்றலில் அரை என்ற பெருக்கல் எண்ணை எழுதுவதில்லை. மாறிலி 1 வேண்டும் என்றால் கோப்பில் 0.5 என்று கொடுக்க வேண்டும். ஃபீன் பிணைப்பில் அந்த அரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இன்னொன்று, ஏழே மணிகள் கொண்ட ஓட்டத்தில் திரையில் தெரியும் வெப்பநிலை 1-க்குப் பதிலாக 1.17 என்று காட்டக்கூடும். மென்பொருள் நிறைமையத்தின் மூன்று இயக்க உரிமைகளைக் கழித்துவிட்டு வகுப்பதால் வரும் வேறுபாடு அது, 21-ஐ 18-ஆல் வகுத்துப் பார்த்தால் தெரியும். பெரிய தாளில் இது கண்ணுக்கே தெரியாது.

இதே சோதனையை ப = 10, 20 அளவுகளுக்கும் எண்முறையில் ஐகன் மதிப்புகளைக் கண்டு செய்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். அது மிச்சப்படுத்தும் வாரங்கள் பல.

ஓட்டம்

வெப்பநிலை 1, காலப்படி 0.005, உராய்வாலும் தற்செயல் உதைகளாலும் வெப்பநிலையை நிலைநிறுத்தும் லாஞ்செவின் தெர்மோஸ்டாட்டின் தணிவு நேரம் 10 என்று தொடங்கலாம். பெட்டியின் பக்கம் தாளின் மூலைவிட்டத்தைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும்; ப = 20-க்கு 60 போதும். தாள் பெட்டிக்குள் மிதந்து அலைந்து எல்லையைக் கடக்கும் என்பதால், அளவீட்டில் எப்போதும் சுருட்டப்படாத ஆயங்களையே, அதாவது எல்லையைக் கடந்த மணியை மறுபக்கத்துக்குத் திருப்பாமல் தொடர்ந்து எண்ணும் இடக் குறிப்புகளையே, பயன்படுத்துங்கள். தொடக்கத்தில் எல்லா மணிகளின் உயரத்திலும் ஒரு சிறு தற்செயல் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். முற்றிலும் தட்டையான வலையின் ஆற்றலைக் குறைக்கச் சொன்னால் அது தளத்தைவிட்டு வெளியேறவே செய்யாது.

எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதே செலவைத் தீர்மானிக்கும் கேள்வி. நீரோட்ட விளைவுகள் இல்லாத இத்தகைய சிமுலேஷனில், தட்டைத் தாளின் மிக மெதுவான நெளிவு தளரும் நேரம் பக்க நீளத்தின் ஏறத்தாழ 3.2 அடுக்காக வளர்கிறது. பக்கத்தை இருமடங்காக்கினால் தளர்வு நேரம் 9 மடங்கு. மணிகள் 4 மடங்கு. ஆக மொத்தச் செலவு சுமார் 37 மடங்கு. ப = 20-க்கு ஒரு கோடி படிகளை, சாதாரண மேசைக் கணினியில் மாலையில் தொடங்கினால் காலையில் எடுத்துக்கொள்ளலாம். அதே தரத்தில் ப = 40 வேண்டுமென்றால் ஒரு மாதத்தை ஒதுக்க வேண்டும், அல்லது கூடுதல் செயலிகளைத் தேட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பெரிய தாளில் இறங்கியவர்கள், தளராத தாளின் தொடக்க நிலையையே முடிவாக எழுதிவிடும் ஆபத்து உண்டு.

தட்டை நிலையிலிருந்து மட்டும் தொடங்கி, தாள் தட்டையாக நின்றது என்று அறிவிப்பது நேர்மையான சோதனை ஆகாது. கசங்கிய நிலையிலிருந்தும் தொடங்கிப் பாருங்கள். அதற்கு விலக்கு விசையை அணைத்துவிட்டுச் சுருட்டுவது தவறு. மீண்டும் இயக்கும்போது தாளின் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, ஒருபோதும் அவிழாத முடிச்சாகிவிடும். சரியான வழி, உள்நோக்கித் தள்ளும் கோளச் சுவர் ஒன்றை வைத்து, அதன் ஆரத்தை மெல்ல மெல்லக் குறைத்துத் தாளைக் கசக்கி, பிறகு சுவரை நீக்குவது. இரண்டு தொடக்கங்களும் ஒரே சராசரியில் வந்து சேர்ந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். கசங்கிய பந்து விரிவதைத் திரையில் பார்ப்பது தனி அனுபவம்: முதலில் ஓரங்கள் துடித்து வெளியே வரும், பிறகு பெரிய மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழும், கடைசியில் ஒரு நீண்ட மடிப்பு மட்டும் வெகுநேரம் நின்று, சட்டென்று திறக்கும்.

அளவீடு

சுழற்சி டென்சரின் மூன்று ஐகன் மதிப்புகளே முதன்மையான சான்று. தட்டை நிலையில் பெரிய இரண்டும் பக்க நீளத்தின் வர்க்கமாக வளரும், சிறியது 1.18 அடுக்காக வளரும். எனவே ப = 10-இலிருந்து 20-க்குப் போகும்போது பெரியவை 4 மடங்கும் சிறியது சுமார் 2.3 மடங்கும் ஆக வேண்டும். அவற்றின் விகிதம் குறைந்துகொண்டே போக வேண்டும். ஃபுளோரி சொன்ன கசங்கிய நிலை உண்மையாக இருந்தால் மூன்றும் ஒன்றாக 3 மடங்காகும், விகிதம் மாறாது. ஊடுருவும் தாளாக இருந்தால் மூன்றும் ஏறக்குறைய நகரவே நகராது. மொத்தச் சுழற்சி ஆரத்தை மட்டும் அளப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மங்கித் தெரியும். ஆரம்பகால ஆய்வுகளில் சிறிய தாள்கள் ஏமாற்றியதை மனத்தில் வைத்து, மூன்றையும் தனித்தனியே வரையுங்கள், குறைந்தது நான்கு அளவுகளுக்கு.

தாளின் ஓரம் உட்பகுதியைவிட அதிகம் துடிக்கும்; அங்கே மணிகளுக்கு அண்டைகள் குறைவு. அதனால் பக்க நீளத்தில் பாதி கொண்ட உள் அறுகோணத்தை மட்டும் எடுத்து அதே அளவீட்டை மறுபடி செய்வது நல்லது. இரண்டும் ஒரே அடுக்கு எண்ணைச் சுட்டினால் ஓர விளைவு கட்டுக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம்.

நெளிவுகளை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளக்க வேண்டுமானால், ஓரமே இல்லாத, பெட்டியின் எல்லையில் தன்னோடு தானே இணையும் தாள் வசதியானது. உயரத்தின் ஃபூரியே கூறுகளுடைய வர்க்கச் சராசரி, அலை எண்ணின் −3.2 அடுக்காக வீழ வேண்டும். விறைப்பேற்றம் இல்லாவிட்டால் அது −4 ஆக இருந்திருக்கும். இங்கே ஒரே நிபந்தனை, பெட்டியின் இரு பக்கங்களும் சுதந்திரமாகச் சுருங்கி விரிந்து, தளத்திற்குள் இழுவிசை உண்மையாகவே 0 ஆக இருக்க வேண்டும். சிறிதளவு இழுவிசை எஞ்சியிருந்தாலும், மிக நீண்ட அலைகளில் அந்த அடுக்கு −2 ஆகிவிடும்; வரைபடத்தின் இடது முனையில் கோடு படுத்துவிடுவதைக் கண்டால் முதலில் இதைச் சோதியுங்கள்.

அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், பத்தாயிரம் மாதிரிகளின் திட்டப்பிழையை அப்படியே எழுதக் கூடாது. தரவைக் கட்டங்களாகச் சேர்த்துச் சராசரி எடுத்து, கட்டத்தின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பிழை மதிப்பீடு ஓரிடத்தில் நிலைபெறும். அதுவே உண்மையான பிழை. நிலைபெறாவிட்டால் ஓட்டம் போதவில்லை.

அடுத்து எங்கே போகலாம்

தட்டை நிலையை உறுதிசெய்தபின் மணிகளுக்கிடையே சிறு ஈர்ப்பைச் சேர்த்து வெப்பநிலையைக் குறைத்துப் பாருங்கள். ஏப்ரகாமும் கர்தாரும் 1991-இல் கண்டதுபோல, தாள் ஒரேயடியாக உருண்டையாகாமல் மடிப்பு மடிப்பாக மடிந்து சுருங்கும். விலக்கு விசையை நீக்கிவிட்டு வளைவு விறைப்பை மட்டும் வைத்து, அதை மெல்ல உயர்த்தினால், கசங்கிய நிலையிலிருந்து தட்டை நிலைக்கு மாறும் கட்டத்தையே உங்கள் கண்ணால் காணலாம். ஆற்றலின் ஏற்ற இறக்கம் அங்கே கூர்மையாக உயரும்.

உண்மையான பொருள்களுடன் ஒப்பிடவும் இப்போது நல்ல காலம். சிவப்பணுவின் உட்புறமுள்ள ஸ்பெக்ட்ரின் வலை தட்டை நிலையில் இருப்பதற்கான சான்று 1993-இல் எக்ஸ் கதிர், ஒளிச் சிதறல் அளவீடுகளில் கிடைத்தது. கிராஃபைட் ஆக்சைடு கரைசலில் கசங்கிக் கிடப்பதாக 1991-இல் ஓர் ஆய்வும், இல்லை, தட்டையாகவே கிடப்பதாக 1994-இல் மற்றொன்றும் வந்தன. மெலமினைக் கொண்டு இருபரிமாணப் பாலிமரைக் கரைசலிலேயே உருவாக்கிய ஆய்வை எம்.ஐ.டி. குழு 2022-இல் வெளியிட்டது. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு கிரித்திடியா ஃபாசிகுலாட்டா என்னும் ஒட்டுண்ணியின் கினெட்டோபிளாஸ்ட்: ஒவ்வொன்றும் சுமார் 2,500 கார இணை நீளமுள்ள ஏறத்தாழ 5,000 டி.என்.ஏ. வளையங்கள், இரும்புக் கவசச் சட்டையைப் போல ஒன்றோடொன்று கோத்து ஒரே தாளாகக் கிடக்கின்றன. நுண்ணோக்கியில் அது தட்டையான தாளாக அன்றி, கிண்ணம்போல் குழிந்தே தெரிகிறது. அதைச் சிமுலேட் செய்ய விரும்பினால், நம் மணிகளின் இடத்தில் வளையங்களையும் பிணைப்புகளின் இடத்தில் கோர்வையையும் வைக்க வேண்டும்; வளையத்தின் மணிகள் ஒன்றையொன்று கடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; தொடக்க வலையில் எந்த வளையம் எதனுடன் கோத்திருக்கிறது என்ற பட்டியலை, ஓட்டத்தின் முடிவில் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.